முக்கால் சுற்றில் நின்ற டீசல் என்ஜின்: ஒரு நிகழ்வு ஆய்வு

சாவியைத் திருகியதும், என்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் சரியாக ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கிறது, என்ஜின் அசையவும் செய்கிறது, ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது என்னும் புகார், பட்டறைகளில் பெரும்பாலும் பேட்டரிக் கணக்கிலோ செல்ஃப் மோட்டார் கணக்கிலோதான் எழுதப்படுகிறது. பல வண்டிகளில் அந்தக் கணக்கு சரியாகவும் இருப்பதால், மாறுபட்ட ஒரு வண்டி வரும்போதும் அதே பொருள்கள்தான் மாற்றப்படுகின்றன. இங்கே விவரிக்கப்படும் வண்டிக்கும் அதுவே நேர்ந்தது. எங்கள் பணிமனைக்கு வருவதற்கு முன்பே அதில் புதிய பேட்டரி போடப்பட்டிருந்தது. செல்ஃப் மோட்டார் வேறிடத்தில் கழற்றப்பட்டு, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றப்பட்டிருந்தன. எர்த் வயரும் புதியது. குறை மட்டும் பழையதாகவே இருந்தது.

வண்டி ஒரு சிறு சரக்கு வாகனம். கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்து கேரட், பீன்ஸ், பூண்டு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு பழனி மலைச்சாலை வழியாக ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இறங்குவது அதன் வழக்கமான ஓட்டம். என்ஜின் 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல். அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, ஏறத்தாழ 18:1. கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே அமைந்து, கியர்களால் இயக்கப்பட்டு, புஷ் ராடு வழியாக வால்வுகளைத் திறக்கும் பழைய பாணி அமைப்பு. இந்த விவரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டைமிங் பெல்ட்டோ செயினோ உள்ள என்ஜினைப் பின்னோக்கிச் சுற்றினால் டென்ஷனர் தளர்ந்து பல் தாண்டிவிட வாய்ப்பிருக்கிறது. கியர் டைமிங்கில் அந்த அச்சம் இல்லை என்பதால்தான் பின்னால் சொல்லப்படும் சோதனையை இதில் துணிந்து செய்ய முடிந்தது.

உரிமையாளர் சொன்ன விவரம் சுருக்கமானது. மாலையில் பாரம் இல்லாமல் மலையேறி, இரவு மேலே நிறுத்திவிட்டு, விடியற்காலையில் சரக்கு ஏற்றியபின் எடுக்க முயன்றால் சில நாள்களில் என்ஜின் நின்றுவிடுகிறது, சில நாள்களில் எந்தத் தொல்லையும் இல்லை. நின்ற நாளிலும், வெயில் ஏறும்வரை காத்திருந்தால் தானாகவே எடுத்துவிடுகிறது. “மேல குளிருக்குப் பேட்டரி படுத்துடுதுண்ணே, கீழ ஒருநாளும் இப்படி ஆனதில்லை” என்பது அவருடைய முடிவு. கொடைக்கானலில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். குளிரில் ஈய அமில பேட்டரியின் திறன் குறைவதும், என்ஜின் ஆயில் கெட்டிப்படுவதும் உண்மை. எனவே அவருடைய விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் பொருந்தாத ஒன்று இருந்தது. குளிரால் சோர்ந்த பேட்டரி என்ஜினை மெதுவாகச் சுற்றும், முனகும், ஒவ்வொரு அமுக்கத்திலும் தயங்கும். நன்றாகச் சுற்றத் தொடங்கிவிட்டு, சுவரில் மோதியதுபோல் சட்டென்று நிற்காது.

அத்துடன், கேட்டபிறகு அவர் சொன்ன இன்னொரு செய்தியும் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, அவ்வப்போது ஊற்றிக்கொள்கிறார், ஆனால் வண்டிக்கு அடியில் ஒழுகிய தடம் எதுவும் இல்லை. இதைப் புகாராக அவர் நினைக்கவில்லை; மலை ஏறும் வண்டி தண்ணீர் குடிப்பது இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வகைக் குறையில் முதல் சிக்கல், அது நம் கண்முன் நிகழ வேண்டும் என்பதே. காத்திருந்தால் மறையும் குறையை, மறைந்தபின் எத்தனை கருவி வைத்துப் பார்த்தாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. எனவே மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியை, என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போதே, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் பணிமனையில் இரவு முழுவதும் நிறுத்திவைத்தோம். கிராங் புல்லியிலும் (கிராங் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் சக்கரம்) அதன் பக்கத்தில் டைமிங் கவரிலும் வெள்ளைப் பெயின்டால் அடையாளம் இட்டோம். சாவியை உரிமையாளரிடம் கொடுக்கவில்லை. காலையில் யாராவது பழக்கத்தில் ஒருமுறை திருகிவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். முதல் முறையில் என்ஜின் தாராளமாக எடுத்துவிட்டது, ஆனால் சைலன்சரிலிருந்து சிறிது நேரம் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தது. மறுபடியும் அதேபோல் சூடேற்றி நிறுத்தியபோது, காலையில் என்ஜின் நின்றது. இடம் ஒட்டன்சத்திரம், சமவெளி, குளிர் என்று சொல்ல எதுவும் இல்லை. குளிர் பற்றிய விளக்கம் அந்த இடத்திலேயே முடிந்தது.

மின்பக்கம் சொன்னது

சாவியைத் திருகுவதற்கு முன்பே பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரும், செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளில் டி.சி. கிளாம்ப் மீட்டரும் பொருத்தப்பட்டிருந்தன. ஓய்வில் 12.6 வோல்ட், முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி. ஒரே முறை, ஒரு நொடிக்கும் குறைவாகத் திருகியதில், என்ஜின் ஏறத்தாழ முக்கால் சுற்று சுழன்று நின்றது. நின்ற கணத்தில் வோல்ட்டேஜ் 7.8 ஆகவும், மின்னோட்டம் 600 ஆம்பியராகவும் இருந்தன. இதே வண்டி முந்தைய நாள் தாராளமாக எடுத்தபோது எடுத்த அளவு 10.6 வோல்ட், 250 ஆம்பியர்.

வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பவருக்கு 7.8 என்பது பேட்டரி செத்துவிட்டது என்று தோன்றும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதுதானே எல்லாரும் கற்ற விதி. ஆனால் இரண்டு நாள் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறு செய்தி கிடைக்கிறது. நன்றாக எடுத்த நாளில் 2 வோல்ட் இறக்கத்துக்கு 250 ஆம்பியர். நின்ற நாளில் 4.8 வோல்ட் இறக்கத்துக்கு 600 ஆம்பியர். இரண்டையும் வகுத்தால் வருவது ஒரே விடை, 8 மில்லி ஓம். அதாவது, பேட்டரியின் உள்தடை இரண்டு நாளும் ஒன்றே. பேட்டரி மாறவில்லை, அதன்மேல் விழுந்த சுமைதான் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. பேட்டரி முனையிலிருந்து செல்ஃப் மோட்டார் முனை வரையிலும், என்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரையிலும் எடுத்த வோல்ட்டேஜ் இழப்பு ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டைத் தாண்டவில்லை. அவ்வளவு மின்னோட்டம் பாயும்போது இது நல்ல வயரின் அளவு.

துருப்பிடித்த டெர்மினல், தளர்ந்த எர்த், தேய்ந்த பிரஷ் ஆகிய குறைகள் எல்லாம் மின்னோட்டத்தைக் குறைப்பவை. என்ஜின் சுற்றாமல் மின்னோட்டமும் குறைவாக இருந்தால் வயரைத் தேடலாம். என்ஜின் சுற்றாமல் மின்னோட்டம் எகிறினால், ஒன்று செல்ஃப் மோட்டாருக்குள் ஆர்மெச்சர் உரசுகிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது, இல்லையேல் என்ஜினே சுற்ற மறுக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க மீட்டர் தேவையில்லை. நீண்ட கைப்பிடியுள்ள ராடும் சாக்கெட்டும் போதும். இந்தப் பத்து நிமிட வேலையை முதலில் செய்திருந்தால் ஒரு புதிய பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும்.

கையால் சுற்றியதில் கிடைத்தது

செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கிராங் புல்லி போல்ட்டில் சாக்கெட்டைப் பொருத்தி முன்னோக்கி அழுத்தியபோது, என்ஜின் அசையவில்லை. சாதாரண அமுக்கம் கையில் காற்றடைத்த பந்தைப் போல எதிர்த்து, மெதுவாக ரிங் இடுக்குகள் வழியாகக் கசிந்து வழிவிடும். இது அப்படி இல்லை. கல்லில் தட்டியதுபோல் நின்றது. இங்கே ராடின் நீளத்தைக் கூட்டிப் பலம் காட்டுவது பெருந்தவறு. என்ன தடுக்கிறது என்று தெரியாமல் அழுத்தினால், பிஸ்டனைக் கிராங் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும்.

அடுத்துப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். புல்லி போல்ட்டையே பின்னோக்கித் திருகினால் அது கழன்றுவிடக்கூடும் என்பதால், செல்ஃப் மோட்டார் கழன்ற துளை வழியாக ஃப்ளைவீலின் பற்களை நெம்பிச் சுற்றினோம். என்ஜின் எளிதாகப் பின்வாங்கியது. எவ்வளவு தூரம் பின்வாங்கி எங்கே மறுபடி நிற்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். புல்லியின் அடையாளம் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து, தடையின்றிக் கடந்து, இரண்டாவது சுற்று முடியச் சில டிகிரிகள் இருக்கும்போது மீண்டும் அதே கடினத்துடன் நின்றது.

உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்னும் நான்கு வீச்சுகளில் இயங்கும் என்ஜினில் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை டாப்புக்கு, அதாவது தன் மேல் எல்லைக்கு, வருகிறது. ஒருமுறை அமுக்கத்தின் முடிவில், வால்வுகள் மூடியிருக்க. மறுமுறை வெளியேற்றத்தின் முடிவில், வால்வுகள் திறந்திருக்க. சிலிண்டருக்குள் உடைந்த வால்வுத் துண்டோ கழன்று விழுந்த நட்டோ கிடந்தால், அதற்கு வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற வேறுபாடு கிடையாது. பிஸ்டன் டாப்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் தடுக்கும். அப்போது இரு தடைகளுக்கும் இடையே ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவான இடைவெளிதான் இருக்கும். டைமிங் நழுவி வால்வில் பிஸ்டன் மோதினால், தடை டாப்புக்கு வெகு முன்பே, வால்வு திறக்கும் அல்லது மூடும் கோணத்தில் வரும். பேரிங் பிடித்திருந்தால் எந்தக் கோணத்திலும் இலகுவாக அசையாது. இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும்: வால்வு மூடியிருக்கும்போது மட்டும் தடுத்து, திறந்திருக்கும்போது விலகிக்கொள்ளும் ஒரு பொருள். அது திரவம்.

எந்தச் சிலிண்டர் என்பதும் அதே நிலையிலிருந்து தெரிந்தது. என்ஜின் முன்னோக்கி நின்ற இடத்தில் 2-ஆம், 3-ஆம் பிஸ்டன்கள் டாப்புக்குச் சற்று முன்னால் இருந்தன. வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் கவரைத் திறந்து பார்த்ததில் 2-ஆம் சிலிண்டரின் ராக்கர்கள் இறுக்கமாகவும், 3-ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் தளர்வாகவும் இருந்தன. வால்வுகள் மூடியிருப்பது 3-இல்.

அந்தச் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கைக் கழற்றி, துளைமேல் துணியைப் போட்டு, எரிபொருள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, என்ஜினைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுற்றியதும் வெளிறிய பச்சை நீர் பீறிட்டது. துணியில் ஊறியதும் உறிஞ்சி எடுத்ததும் சேர்த்து 40 மில்லி லிட்டர் அளவு இருக்கும். டீசல் வாடை இல்லை. ரேடியேட்டரின் கூலன்ட்தான், ஆனால் ஊற்றிய தண்ணீரால் நீர்த்துப் போனது.

40 மில்லி என்பது ஒரு டீக் கிளாஸில் பாதி கூட இல்லை. அவ்வளவு சிறிய அளவு ஒரு டீசல் என்ஜினை நிறுத்துமா என்று உரிமையாளர் ஐயப்பட்டது இயல்பே. ஒவ்வொரு சிலிண்டரும் 625 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 18 என்றால், பிஸ்டன் டாப்பில் இருக்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் 625-ஐ 17-ஆல் வகுத்தது, அதாவது 37 மில்லி லிட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் ஒரு சொட்டு இருந்தாலும் பிஸ்டனுக்கு இடமில்லை, திரவத்தைக் காற்றைப்போல் அமுக்கவும் முடியாது. அமுக்க விகிதம் 10 அளவில் உள்ள பெட்ரோல் என்ஜினில் இதே கொள்ளளவுக்குச் சுமார் 70 மில்லி வேண்டும். டீசல் என்ஜின்களில் இக்குறை விரைவில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

சில நாள்களில் மட்டும் ஏன்

குறை ஏன் ஒருநாள் வந்து மறுநாள் வரவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் எந்த ஆய்வையும் முடிந்ததாக நான் கருதுவதில்லை. இதில் அந்த விடை என்ஜின் அணையும் விதத்தில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் அணையும்போது, கடைசியாக அமுக்கத்தில் இருக்கும் சிலிண்டரின் காற்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, எல்லாப் பிஸ்டன்களும் பாதி வீச்சில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வீச்சில். ஓடும்போது சிலிண்டருக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம் பன்மடங்கு அதிகம் என்பதால் கூலன்ட் உள்ளே வர முடியாது. மாறாக, எரிந்த வாயுதான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். என்ஜினை அணைத்தபின் சிலிண்டரில் அழுத்தம் இல்லை, ஆனால் சூடான ரேடியேட்டரில் மூடி தாங்கும் அளவுக்கு அழுத்தம், என்ஜின் ஆறும்வரை நிற்கிறது. அப்போது திசை மாறி, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது.

3-ஆம் சிலிண்டர் அமுக்க வீச்சின் நடுவில் நின்றிருந்தால், காலையில் கால் சுற்றுக்குள் தடை வரும். உறிஞ்சும் வீச்சின் நடுவில் நின்றிருந்தால், மீதி உறிஞ்சலையும் முழு அமுக்கத்தையும் கடந்து, முக்கால் சுற்றில் தடை வரும். நாங்கள் பார்த்தது இதுவே. ஆற்றல் வீச்சிலோ வெளியேற்று வீச்சிலோ நின்றிருந்தால், முதலில் திறப்பது வெளியேற்று வால்வு என்பதால் தேங்கிய நீரின் மிகுதி சைலன்சருக்குப் போய்விடும். என்ஜின் எடுத்துவிடும், வெள்ளைப் புகை வரும். முதல் காலையில் நடந்தது அது. வெயில் ஏறியபின் எடுத்ததும் இதனால்தான்: காத்திருந்த நேரத்தில் நீர் பிஸ்டன் ரிங் இடுக்குகள் வழியாக என்ஜினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிட்டது. வெயிலுக்கு இதில் பங்கில்லை. சம்ப் ஆயிலை வடித்தபோது அதன் அடியில் முதலில் வந்தது நீர். இப்படியே இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால் கிராங் பேரிங்குகள் போயிருக்கும்.

நீர் எந்த வழியாக வந்தது என்பதை, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே உறுதிப்படுத்தினோம். புகையின் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புமுன் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் உடைந்தாலும் கூலன்ட் சிலிண்டருக்குள் வரும். ஆனால் அது காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டு வழியாக வர வேண்டும், அன்றைக்கு எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறதோ அதில் இறங்கும். மேனிஃபோல்டையும் இ.ஜி.ஆர். குழாயையும் கழற்றிப் பார்த்ததில் இரண்டும் உலர்ந்து கரி படிந்திருந்தன. பிறகு என்ஜினைச் சூடேற்றி, நான்கு குளோ பிளக்குகளையும் கழற்றி, ரேடியேட்டர் வாயில் கை பம்ப்பால் 1 பார் அழுத்தம் ஏற்றிவைத்தோம். அழுத்தமுள் மெல்ல இறங்க, 3-ஆம் துளையில் மட்டும் ஈரம் ஊறியது. குளிர்ந்த என்ஜினில் இதே சோதனை ஒன்றும் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலோகம் விரிந்த நிலையில்தான் அந்த இடுக்கு திறக்கிறது.

ஹெட்டைக் கழற்றியதில், 3-ஆம் சிலிண்டரைச் சுற்றியுள்ள கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வளையத்துக்கும் பக்கத்து நீர்த்துளைக்கும் இடையே கருகிய கீற்று தெரிந்தது. நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தபோது ஹெட் 2-க்கும் 3-க்கும் நடுவில் 0.12 மி.மீ. வளைந்திருந்தது, இவ்வளவு நீளமுள்ள ஹெட்டுக்கு 0.05 மி.மீ. வரைதான் பொறுக்கலாம். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி மலையேறியதன் பங்கு இதில் உண்டு என்பது என் கணிப்பு. 2,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் காப்பாற்றும்வரை காப்பாற்றும். மூடி ரப்பர் தளர்ந்த வண்டியில் கொதிநிலைக்கும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் சூட்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய இடைவெளி. இந்த வண்டியின் மூடி சோதனையில் தேறவில்லை.

அடுத்த கவலை கனெக்டிங் ராடு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஓட்டப்பட்ட கார்களைப் போல ஓடும் என்ஜின் நீரை உறிஞ்சினால், ராடு வளைவது ஏறத்தாழ உறுதி. பிளாக்கையே உடைத்து வெளிவருவதும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று. ஓடும்போது 2,000 என்று வைத்துக்கொண்டால், சுழலும் பாகங்களின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி நூறு மடங்கு வேறுபடும். செல்ஃப் மோட்டாரால் ராடு வளையாது என்று இதனால் சொல்லிவிட முடியாது. வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. நான்கு பிஸ்டன்களும் டாப்பில் பிளாக்கிற்கு மேல் எவ்வளவு நீட்டுகின்றன என்பதை டயல் கேஜில் அளந்து ஒப்பிட்டதில், 3-ஆவது மற்றவற்றிலிருந்து 0.02 மி.மீ.க்கு மேல் வேறுபடவில்லை. ராடு நேராகவே இருந்தது. அதன் பிக் எண்ட் பேரிங்கை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடினோம்.

ஹெட் லேத் பட்டறையில் அழுத்தச் சோதனைக்கு உட்பட்டு, வால்வுகளுக்கு இடையே விரிசல் இல்லை என்று உறுதியானபின் முகம் சீராக்கப்பட்டது. கேஸ்கட் தடிமனை பிஸ்டன் நீட்டத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்தோம். விளிம்பில் உள்ள வெட்டுக்குறிகளைப் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டால் அமுக்க விகிதமே மாறிவிடும். ஹெட் போல்ட்டுகள், ரேடியேட்டர் மூடி, ஆயில், ஃபில்டர், கூலன்ட் அனைத்தும் புதியவை. அமுக்கச் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று 2 பாருக்குள் இருந்தன. அதன்பின் சூட்டோடு நிறுத்திவைத்த எந்தக் காலையிலும் தடையும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை, கூலன்ட் மட்டமும் இறங்கவில்லை.

மீதமிருப்பது ஒன்று. நான்கு சிலிண்டர் என்ஜின் எப்போதும் ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு இடங்களில் நிற்பதால், ஃப்ளைவீல் ரிங் கியரின் பற்களும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் தேயும். இந்த வண்டியில், பினியன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் திடீரென நின்றதன் விளைவாகச் சில பற்களின் முனை கடிபட்டு மழுங்கியிருக்கிறது. இப்போதைக்குப் பிடிப்பு சரியாகவே இருக்கிறது. ரிங் கியரை மாற்றக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், அடுத்து கிளட்ச் பிளேட் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றும்படி வேலை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்குள் என்றாவது செல்ஃப் அடிக்கும்போது பல் நழுவி ‘கர்ர்’ என்ற ஒலி வந்தால், அது இந்தக் கடிபட்ட பற்களின் வேலை. அதற்காகச் செல்ஃப் மோட்டாரை மறுபடியும் கழற்றத் தேவையில்லை என்பதையும் அந்த அட்டையிலேயே குறித்திருக்கிறோம்.